நடுவில் ஓடுபவன்

“நடுவுல ஆள் இல்லாம அவங்க ரெண்டு பேரையும் நேருக்கு நேர் விட்டுடாதீங்க. அப்புறம் வெட்டுக்குத்துதான்.”

சொல்லிக்கொண்டே ஓடிவந்த கெமிஸ்ட், பக்கத்து மேசைக்காரியின் கையிலிருந்த ஹெக்சேன் பாட்டிலைப் பிடுங்கினான். காலையிலிருந்து உப்புக் கரைசல் ஓடிக்கொண்டிருந்த ஆய்வுக்கூடக் கருவியில் அவள் அதை அப்படியே மாட்டப் போனாள்.

ஹெக்சேனுக்கும் தண்ணீருக்கும் ஜென்மப் பகை. கருவியின் வயிற்றுக்குள் இருக்கும் விரலளவு எஃகுக் குழாயில் இரண்டும் மோதிக்கொண்டால், உப்பு கட்டிதட்டி, குழாய் அடைத்து, அத்தோடு அதன் கதை முடிந்தது. முதலில் வெறும் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். பிறகு இரண்டு தரப்போடும் ஒட்டி உறவாடும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அதற்கப்புறம்தான் ஹெக்சேன்.

“எங்க வீட்டுல அந்த ஆல்கஹால் நான்தான்” என்றான். அவள் சந்தேகத்தோடு அவனை முகர்ந்து பார்த்தாள்.

அவன் சொன்னது பொய்யில்லை. அவனுடைய அப்பாவும் மாமனாரும் ஒரே வீட்டில், ஒரே அறையில் இருந்தார்கள், பேச்சுவார்த்தை கிடையாது. “குறட்டைக்கு லைசென்ஸ் வாங்கச் சொல்லுடா அந்த மனுஷன” என்பார் அப்பா. அதை அவன் “நல்லாத் தூங்கினீங்களான்னு அப்பா கேட்டார், மாமா” என்று நீர்க்கவைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். மாமா திருப்பி அனுப்பும் வசவு, அப்பாவின் காதுக்கு வாழ்த்தாக வந்து சேரும்.

பேச்சு எடுபடாத நாட்களில் ஆளுக்கொரு துண்டு கேக் வாங்கிப் போவான். இருவருக்கும் இனிப்பு ஆகாது என்று அவன் மனைவி சீனி டப்பாவையே பூட்டி வைத்திருந்தாள். இருந்தாலும் வீட்டில் சமாதானம் வேண்டுமே.

இன்று காலை சண்டை முற்றிவிட்டது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஆரம்பித்து, மாமா கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பெட்டியை இழுத்தேவிட்டார். சாயங்காலத்துக்குள் கிளம்பிவிடுவாராம். அப்பாவோ காதில் விழாதவர்போலச் சதுரங்கப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூட ஆட ஆளில்லாமல், வெள்ளைக்கும் கறுப்புக்கும் தானே காய் நகர்த்துகிறவர் அவர். அப்படியும் கறுப்பிடம் தோற்ற அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

“எங்கப்பா பெட்டியோட படியிறங்கினா பின்னாடியே நானும் இறங்கிடுவேன், பாத்துக்குங்க.” வேலைக்குக் கிளம்பும்போது மனைவி சொல்லிவிட்டுப் போனது இது.

அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர நினைத்திருந்தான். ஆனால் அந்த ஆல்கஹால் கொஞ்சம் கெட்டியான திரவம், மெதுவாகத்தான் ஓடும். அவசரப்படுத்தினால் அழுத்தம் எகிறிக் கருவி நின்றுவிடும். நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பக்கத்து மேசைக்காரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நடுவாள் வேலையை அடுத்தவரை நம்பி விட அவனுக்கு மனம் வரவில்லை. தணலில் நிற்பவன்போல நின்று காத்திருந்தான்.

ஹெக்சேன் சிக்கலில்லாமல் ஓட ஆரம்பித்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. வழியில் இருந்த கடையிலேயே பெரிய கேக் துண்டுகளாக இரண்டு, கிரீம் வைத்தது, வாங்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறினான்.

வாசலிலேயே மாமாவின் பெட்டி நின்றது. உள்ளே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று தூக்கினான்; பெட்டி காற்றாக மேலே வந்தது. திறந்து பார்த்தால் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

வராந்தா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

சதுரங்கப் பலகைக்கு வெள்ளைப் பக்கம் அப்பா. கறுப்புப் பக்கம் மாமா. அப்பாவின் ராஜாவை ஒற்றை விரலால் சாய்த்துவிட்டு மாமா குலுங்கிச் சிரிக்க, அப்பா அவர் தொடையில் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கையிலிருந்த பொட்டலம் ஜன்னல் கம்பியில் இடித்தது. அப்பா சட்டென்று சிரிப்பை நிறுத்தி, காதைத் தீட்டிக்கொண்டு கிசுகிசுத்தார்:

“கேக் வந்துடுச்சு சம்பந்தி, மூஞ்சியத் திருப்பிக்குங்க.”