பேர் சொன்னால் போதும்

"மணி பத்து ஏழு. பதினொண்ணுக்கு முதலாளி வர்றார். அதுக்குள்ள இது பேசுமா, பேசாதா?"

மேலாளர், மேசைமேல் இருந்த கம்பியில்லாத புதுத் தொலைபேசியை, அது கடித்துவிடுமோ என்பதுபோல் பார்த்தார்.

"பேசும் சார்" என்றார் டெக்னீஷியன். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். "கீழே இருக்கிற பழைய எக்ஸ்சேஞ்சோட இணைச்சாச்சு. ஃபேக்டரியோட நாப்பது லைனும் இதுல வரும். பட்டன்கூட வேண்டாம். பேர் சொன்னாப் போதும்."

"இது ஓடிட்டா, ஆபரேட்டரம்மா நாளையிலிருந்து வர வேண்டாம். பதினெட்டு வருஷமா எடுத்ததுமே ஒரு அதட்டல். எனக்கே போனை எடுக்கப் பயம்யா."

"ஒரு மாசம் அவங்களும் இருக்கட்டுமே சார்?"

"எதுக்கு? மெஷினுக்குத் துணைக்கா?"

மேலாளர் தொலைபேசியை எடுத்தார். "கிடங்கு."

"கிடங்கு. இணைக்கிறேன். காத்திருக்கவும்." பெண்குரல். தேன்.

மறுநொடி கிடங்குக்காரர் லைனில் வந்தார். "சொல்லுங்க சார்!"

"யோவ், பேசுதுய்யா!"

அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்று கேன்டீனைக் கூப்பிட்டார். படிக்கட்டில் இரண்டிரண்டாக இறங்கியபடி அட்டை வெட்டும் பிரிவை. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாட்ச்மேனை. எங்கே போனாலும் குரல் கூடவே வந்தது. டெக்னீஷியன் பின்னாலேயே ஓடினார்.

"போதும் சார், சூடாயிடும்!"

"சும்மா இருய்யா. இதுக்கு ஒரு கஷ்டமான பரீட்சை வைக்கிறேன்." மேலாளர் மூச்சு வாங்கினார். "என் வீடு!"

"தங்கள் மனைவி காலையிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார். கோபமாக இருக்கிறார். அரை மணி கழித்து முயலவும்."

டெக்னீஷியன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கோபத்தைக்கூடக் கண்டுபிடிக்குதே! எப்படிய்யா?"

"அது... குரலோட ஏற்ற இறக்கத்தை அளக்குது சார்."

"என்னால இருபது வருஷமா அளக்க முடியலையேய்யா!"

மேலாளர் தொலைபேசியைக் கன்னத்தோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினார். டை தோளுக்குப் பின்னால் போனது. அறைக்குத் திரும்பியதும், தட்டச்சு செய்து வைத்திருந்த பணிநீக்கக் கடிதத்தைக் கையில் எடுத்தார். கொஞ்சம் யோசித்தார்.

"இதை எதுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும்? மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. போன்லயே சொல்லிடறேன்."

"சார், வேண்டாம் சார்..."

"நகருய்யா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆபரேட்டரம்மாவுக்கு லைன் போடும்மா. இனிமே நீங்க தேவையில்லன்னு நானே அவங்ககிட்ட சொல்லணும்."

இந்த முறை 'இணைக்கிறேன்' வரவில்லை. டெக்னீஷியன் கதவுப் பக்கம் நகர்ந்தார். அதே குரல், ஆனால் தேன் இல்லை.

"லைன்லதான் இருக்கேன் சார். சொல்லுங்க."