சோளகக் காற்று

இரண்டு நாள் சைக்கிளில் தீவுகளைச் சுற்றுவோம் என்று கேட்டவள் பிரியவதனிதான். ஆனால் வேலணை வீட்டைப் பூட்டியதிலிருந்து மணிக்கூட்டைப் பார்த்தபடியே மிதித்தாள். புங்குடுதீவுப் பாலத்தில், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முகத்தில் அடித்தது.

“ஆறுதலா வாருமன். உல்லாசப் பயணம்தானே?” என்றான் கணவன் சதீசன்.

மடத்துவெளியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் இறங்கினாள்.

“வீட்டிலையிருந்து ஒரு மணித்தியாலம்” என்றவள், பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். “இஞ்சை படிப்பிக்கத்தான் என்னை மாத்தியிருக்கினம். வேலையை விடச் சொல்லுவியள் எண்டு பயந்து சொல்லேல்லை. சைக்கிளிலை வந்துபோக ஏலும்.”

அவன் கடிதத்தை வாங்கவில்லை.

“திரும்பேக்கை முக்கால் மணித்தியாலம் காணும். காத்துத் தள்ளிவிடும்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“போன கிழமை அலுமாரிக்குள்ளை கடிதத்தைக் கண்டனான். அடுத்த நாளே தனிய சைக்கிள் ஓடிப் பாத்தனான்.”