மில்லுப் பேச்சு

"அப்பா என்னமோ கேக்குறாக, ஒண்ணும் விளங்கலையே" என்று மகன் சுரேஷ்கண்ணன் கையைப் பிசைந்தான்.

கட்டிலில் கிடந்தவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வாயில் குழாய் செருகியிருந்ததால் பேச வழியில்லை. பஞ்சுத் தூசி தின்ற நுரையீரல். மூச்சு மெஷினை எடுத்தால் தாங்காது என்று காலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார்.

தண்ணீர் கேட்கிறார் என்றான் மகன். போர்வையை எடுக்கச் சொல்கிறார் என்றாள் மருமகள் நாகஜோதி. நர்ஸ் ஒரு பேனாவைத் திணித்துப் பார்த்தாள். மனுஷன் தட்டிவிட்டார்.

நான் கால்மாட்டில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆஸ்பத்திரி முன்பு பஞ்சு மில். சுவரையும் புகைபோக்கியையும் இடிக்காமல் வைத்துக்கொண்டு உள்ளே ஏ.சி. போட்டுவிட்டார்கள். பழமையைக் காப்பாற்றினோம் என்று வாசலில் போர்டு வேறு. இந்த ஐ.சி.யூ. இருக்கும் இடம்தான் ஸ்பின்னிங். நானும் இவரும் நூல் ஓட்டிய இடம். தேடிப் பிடித்து இங்கேயே வந்து படுத்திருக்கிறார், பாவி மனுஷன்.

மெஷின் ஓடும்போது காதோரம் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்குப் பேச்செல்லாம் கைதான். நூல் அறுந்தது, மேஸ்திரி வருகிறார், சாப்பிட்டாயா, எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்பதற்கு மட்டும் கிடையாது. இவராகவே ஒன்றைக் கண்டுபிடித்து, கோமாளி மாதிரி ஆட்டிக்கொண்டு நின்றார். நான் சிரித்துத் தொலைத்தேன்.

அவர் கேட்பது எனக்குப் புரியாமலா இருக்கும்?

டாக்டர் வந்தார். நினைவு தெளிவாகத்தான் இருக்கிறது, என்ன வேண்டும் என்று தெரிந்தால் நல்லது என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வீட்டுக்குப் போகணுங்கிறாக" என்றேன்.

போகலாம், போகலாம் என்று டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு, வேலைக்குப் புதிதாக வந்தவளுக்குக் காட்டுவதுபோல நிதானமாக, முஷ்டியை மடக்கிக் கீழே இழுத்துக் காட்டினார்.

மெஷினை நிறுத்து.

ஓடிப்போய் அந்தக் கையை என் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் திமிறினார். எனக்கு அவர் வேண்டும், எப்படியாவது வேண்டும். இன்னும் இறுக்கினேன்.

அம்மா தொட்டதும் அப்பா எப்படி அடங்கிவிட்டார் பார் என்று மகன் நாகஜோதியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

விட்டால் மறுபடியும் கேட்பார். நான் விடவில்லை.