கன்னத்துப் பொட்டு

செங்கமலம் தன் மகள் நிறைமதியின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இட்ட பின்னரே காலைக் காப்பி அருந்துவாள். இன்று குழந்தை உறங்கும்போதே மையைத் தீட்டிவிட்டாள். விழித்த குழந்தை வழக்கம்போல் பீரோக் கண்ணாடியை நோக்கித் தளர்நடை போட்டாள். அதற்குள் வேறொரு பாப்பா குடியிருப்பதாகவே அவள் எண்ணம். முத்தமிடுவாள், பிஸ்கோத்து ஊட்டுவாள். எதிர்வீட்டுப் பிள்ளை எப்போதோ கண்ணாடியில் தன்னை அறிந்துகொண்டதே, இவள் ஏன் அறியவில்லை என்று செங்கமலம் உள்ளூர அஞ்சியிருந்தாள்.

இன்றும் குழந்தையின் கை கண்ணாடியில் தெரிந்த பொட்டை நோக்கி நீண்டது. பாதி வழியில் நின்றது. மெல்லத் திரும்பித் தன் கன்னத்தையே தொட்டது. விரலெல்லாம் கறுப்பு!

“என்னங்க, ஓடி வாங்க! பாப்பா தன்னைக் கண்டுபிடிச்சிட்டா!”

சவர நுரையோடு ஓடிவந்தான் கணவன் தணிகாசலம். “நீ போட்ட சத்தத்துல பல்லிதான் விழுந்துடுச்சோன்னு நெனச்சேன்டி!” என்றவன், மகள் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் தன் மூக்கையும் காதையும் தொடுவதைக் கண்டு அவளருகே குனிந்தான். பிறகு, “பொட்டு கலைஞ்சிடுச்சே, மறுபடி வை” என்றான்.

செங்கமலம் மைச்சிமிழைத் திறந்தாள். நிறைமதி இரு கன்னங்களையும் கைகளால் மூடிக்கொண்டாள்.

“இனிமே அவளைக் கேட்டுட்டுத்தான் வைப்பேன்” என்று சொல்லிச் சிமிழை மூடினாள் செங்கமலம்.