வாய் கோணாத சிரிப்பு

டெட்ராய்ட்டின் வெளிறிய பனிக்கால வெயில் டயாலிசிஸ் குழாயில் விழ, ஓடெலின் ரத்தம் அதில் மினுங்கி ஊர்கிறது. அவனுக்குச் சிறுநீரகம் தரப்போகும் அக்கா வெர்லீன் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாள். அம்மாவைப் பக்கவாதம் கொண்டுபோனதிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததும் சிரித்துக் காட்டுவது வழக்கம். வாய் கோணுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். சிறுநீரகக் கோளாறுக்கும் பக்கவாதத்துக்கும் மரபணுவிலேயே உறவு உண்டென்று டாக்டர் சற்றுமுன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "எங்க, சிரிடா பார்ப்போம்." ஓடெல் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். "போதுமா, டாக்டரம்மா? இப்ப உன் முறை." "எனக்கென்னடா, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று அவளும் சிரிக்கிறாள். ஓடெலின் முகம் செத்துப்போகிறது. ஊசி குத்தாத கை நர்ஸை அழைக்கும் பொத்தானைத் தேடித் தடுமாறுகிறது. வெர்லீன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள், வாயின் ஒரு பக்கத்தில் மட்டும்.