சூடு தாங்காத ஈ

"லொறி ஓட்டுறவன் வேணாம்னு நேரா சொல்லிட்டுப் போ புள்ள. எதுக்கு ஈயக் காட்டிக் கத சொல்ற?"

மாடசாமி ஹல்துமுல்லையில் பஸ் ஏறும்போதே கோபத்தோடுதான் ஏறினார். லொறி ஓட்டும் மகன் நிஷாந்துக்கு அக்கா மகள் விதுஷா என்று சின்ன வயதிலேயே பேசி வைத்தது. பதுளைக்குப் படிக்க வந்தவள் இப்போது மாட்டேன் என்கிறாள்.

"கொஞ்சம் பாருங்க மாமா."

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், பழ ஈக்கள் அடைத்த போத்தலை அவள் சுடுதண்ணீரில் இறக்கினாள். "இதெல்லாம் ஒரே தாய் தகப்பனுக்குப் பொறந்தது."

கொஞ்ச நேரத்தில் சில ஈக்கள் மட்டும் அடியில் விழுந்தன. மற்றவை பறந்துகொண்டே இருந்தன.

"செத்துருச்சா?"

"இல்ல. சூடு ஏறினா இதுங்க ஒடம்புல ஒரு நொதியம் வேலை செய்யாது. தாய்க்குப் பாதி, தகப்பனுக்குப் பாதி கோளாறு. பாதி மட்டும் இருந்தா வெளியில ஒன்னும் தெரியாது. ரெண்டு பாதியும் ஒன்னுல சேந்தா இப்பிடி விழுந்துரும்."

"ஈக்குத்தானே?"

"எனக்கு முன்னால அம்மாவுக்கு ரெண்டு புள்ளைங்க காய்ச்சல்ல போச்சே மாமா. உங்க மூத்த பொண்ணும் அப்பிடித்தானே?"

"குளிருதேன்னு கம்பளியச் சுத்தி அடுப்போரமா வச்சிருந்தோம்..." மாடசாமியின் குரல் இறங்கியது.

"நம்ம குடும்பத்துலயும் இந்த மாதிரிக் கோளாறு இருக்குன்னு டாக்டர் சந்தேகப்படுறாரு. அம்மாவும் நீங்களும் கட்டின மாதிரி சொந்தத்துக்குள்ளேயே கட்டினா ரெண்டு பாதியும் சேந்துரும்." போத்தலை வெளியே எடுத்தாள். விழுந்த ஈக்கள் மெல்லக் கால் அசைத்தன. "இதுங்க எழும்பிரும். நம்ம புள்ளைங்க எழும்பலயே."

மாடசாமி குனிந்து போத்தலுக்குள் பார்த்தார்.

"மச்சான்னா எனக்கு உசுரு மாமா. அதுக்காகப் புள்ளைங்களப் பெத்து மண்ணுல போடவா?"

"அவன் வேற ரத்தத்துல கட்டினா?"

"பயமில்ல. நல்ல பொண்ணாப் பாத்து நீங்களே கட்டி வைங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாடசாமி எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார்.

"செத்தாலும் சொல்லமாட்டேன்னு ஓங்கம்மாவுக்குச் சத்தியம் பண்ணிருந்தேன். நீயே அவனக் கட்டிக்க தாயி. அக்கா பெத்தது அந்த ரெண்டு புள்ளைங்கள மட்டுந்தான்."