குடை பிடித்தவள்

அவன் முகத்துக்கு நேரே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் ஒன்றரை. சூளகிரி தாண்டி, சர்வீஸ் ரோடு ஹைவேயில் போய்ச் சேருகிற இடம்.

அவன் பைக் பத்தடி தள்ளிக் கிடந்தது. டிபன் டப்பா திறந்துகொண்டு புளிச்சோறு ரோடெல்லாம் சிந்தியிருந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை. அதில் குருமூர்த்தி என்று போட்டிருந்தது. இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிறவன். முப்பது வயசு இருக்கும்.

ஹெல்மெட்டை யாரோ கழற்றியிருந்தார்கள். ஒரு கால் திரும்பிக் கிடந்தது. கண் திறந்திருந்தது. அது என்னையே பார்த்தது.

குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினேன்.

எங்கள் தேர்தல் சின்னம் குடை. ஒன்றியச் செயலாளர் சௌந்தரராஜன் பெண்கள் எங்கள் பன்னிரண்டு பேரை ரோட்டோரம் வரிசையாக நிற்கவைத்திருந்தார். ஆளுக்கொரு குடை, குடைத்துணி முழுக்க வேட்பாளரான தலைவர் சிரிக்கிற படம். வண்டி வரும்போது அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்பார். மூன்றுக்கு எல்லோரும் பட்டென்று விரித்து ஆட்ட வேண்டும்.

டிரைவர் திரும்பிப் பார்த்தால் நமக்கு ஒரு ஓட்டு என்பது அவர் கணக்கு. கர்நாடகா நம்பர் லாரிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்து, ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போனார்கள். அவர்களுக்கு இங்கே ஏது ஓட்டு.

ரோஜாத் தோட்ட வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நான் வந்து நின்றது, எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வரும் என்று அவர் சொன்னதால். குடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கம்பி ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். பொத்தான் அதன் இஷ்டத்துக்கு வேலை செய்யும்.

சௌந்தரராஜன் ஓடி வந்தார். "காவேரி, கொடைய மடக்கும்மா. தலைவரு மூஞ்சி போட்டோவுல வந்துடப்போவுது."

சுற்றிலும் செல்போன்கள் நீண்டிருந்தன. நான் மடக்கவில்லை. எனக்குக் கை வரவில்லை.

கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: "அந்தம்மாவுக்குத்தான் மனசு. பாரு, வெயிலு படாம எப்படிப் புடிச்சிக்கினு இருக்குது."

சௌந்தரராஜன் நின்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் செல்போனை எடுத்தார். "அப்படியே புடி. இந்தப் பக்கம் சாச்சிப் புடி, படம் தெரியட்டும்."

சாய்த்தேன். சாய்த்ததும் அவன் கண் மறுபடி என் மேல் வந்து நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சட்டென்று நேராக்கிவிட்டேன்.

போலீஸ்காரர் வந்தார். எப்படி விழுந்தான் என்று கேட்டு முடிக்கும் முன்பே சௌந்தரராஜன், "போன் பேசிக்கினே வந்தான் சார்" என்றார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீதான பக்கத்துல நின்ன? போன்தான் பேசினானா?"

தலையை ஆட்டினேன், ஆமாம் என்பதாக.

குடைக்கு அந்தப் பக்கம் அவன் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான்.

ஆம்புலன்ஸ் அவனைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனது. சோற்றின் மேலும் ரத்தத்தின் மேலும் மண்ணை அள்ளிப் போட்டார்கள். பக்கத்தில் நின்ற ரேவதி என் தோளைத் தடவித் தண்ணீர் கொடுத்தாள். இரண்டரைக்கெல்லாம் மறுபடி வரிசையில் நின்றோம். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டவர்களிடம் வெயில் என்று சொன்னேன்.

நாலு மணிக்குச் சௌந்தரராஜன் வாயெல்லாம் பல்லாக வந்தார். நான் குடை பிடித்த படத்தை அதற்குள் பல்லாயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம்.

"பொழச்சிக்கினான். கால்லதான் அடி. கண்ணு முழிச்சதும் மொத வார்த்தையே, கொடை புடிச்ச அக்கா எங்கன்னு கேட்டிருக்கான். நாளைக்குத் தலைவரு பாக்கப் போறாரு. நீயும் வர்ற. இதே கொடைய எடுத்துக்கோ."

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ரேவதிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். சாமி சத்தியமாகச் சந்தோஷம். ஆனால் அது ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

மதியம் அந்த பைக் தூரத்தில் வரும்போது சௌந்தரராஜன் மூன்று என்றார். பதினோரு குடை விரிந்தது. என்னுடையது விரியவில்லை. அவமானமாக இருந்தது. பொத்தானை அழுத்தினேன், உதறினேன், மறுபடி அழுத்தினேன். அதற்குள் மற்றவர்கள் பின்னால் வந்த பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பைக் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தபோதுதான் என் குடை விரிந்தது, அவன் முகத்துக்கு நேரே.

அதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

நான் வெயிலுக்காகக் குடை பிடிக்கவில்லை. அவன் என் முகத்தை அடையாளம் வைத்துக்கொள்ளக் கூடாதென்று பிடித்தேன்.

"நாளைக்கு ஒழுங்கா விரியணும், இப்பவே ஒரு தடவ பாத்துக்கோ" என்றார் சௌந்தரராஜன்.

பொத்தானை அழுத்தினேன். விரியவில்லை.